தடைக்காலத்தில் ஒரு பச்சைப்பிள்ளை: பாம்பன் நாட்குறிப்பு

மே 3

விசைப்படகுகள் ஏப்ரல் 15-லிருந்து கரையில் கிடக்கின்றன. ஜூன் 14 வரை தடை. அதனால் இன்று போன வீட்டில் பிள்ளையின் அப்பாவும் இருந்தார். மற்ற மாதங்களில் எனக்கு ஆண்கள் யாரும் அகப்படுவதில்லை.

தலைப்பிரசவம், பெண் பிள்ளை, பிறந்து மூன்று நாள். வாசலிலேயே அப்பத்தா பிடித்துக்கொண்டார். "பால் பத்தல நர்ஸம்மா. ராத்திரி பூராம் நெளியுது, முனகுது." கையில் பாலாடை, அதில் சர்க்கரைத் தண்ணீர்.

பிறந்தபோது 2.8 கிலோ, இன்று 2.6. "பாத்தீங்களா?" என்றார். முதல் சில நாளில் ஏழு சதவீதம் போல இறங்குவது வழக்கம்தான், இரண்டு வாரத்துக்குள் ஏறிவிடும் என்றேன். யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை.

சரி என்று தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தாயையும் உட்காரச் சொன்னேன். மூடின இமைக்குள் கண் உருண்டது. உதடு சிரிப்பதுபோல் கோணியது. ஒரு முனகல், கை ஒன்று நீண்டு மடங்கியது. அப்பத்தா தூக்கப் போனார். "கொஞ்சம் பொறுங்கம்மா." இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, முகம் தளர்ந்து மூச்சு சீரானது. இதுவும் தூக்கந்தான், மேல் தூக்கம்.

"அப்ப நாந்தான் ஒவ்வொரு தடவையும் எழுப்பி விட்டேனாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

அரைமணி கழித்துப் பிள்ளை தானே விழித்தது. கை வாய்க்குப் போனது, நாக்கு வெளியே வந்தது, தலை பக்கவாட்டில் தேடியது. இப்போது கொடு, அழுகிற வரைக்கும் காத்திருக்காதே என்றேன். அழுகை கடைசியில்தான் வரும். அழுதுவிட்டால் மார்பைப் பிடிக்கவே மல்லுக்கட்டும். அமைதியாகப் பிடித்தது. பாலாடை ஜன்னல் திட்டுக்குப் போனது. நான் எதுவும் சொல்லவில்லை.

மே 7

இன்று தப்பு என்னுடையது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிள்ளை தூங்கும்போது சின்ன டார்ச்சை மூடின கண்மேல் ஒரு கணம் காட்டினேன். உடம்பே சுருங்கியது. இரண்டாம் தடவை முகம் மட்டும். நான்காம் தடவை அசைவே இல்லை. "தன் தூக்கத்தைத் தானே காப்பாத்திக்குது தம்பி" என்றதும் அப்பாக்காரர் டார்ச்சை வாங்கிப் பார்க்க ஆசைப்பட்டார். போதும் என்றேன்.

பிள்ளை விழித்துத் தெளிவாகக் கிடந்தபோது ஒரு சாண் தள்ளி நின்று நான் கூப்பிட்டேன். கண் என் பக்கம் திரும்பியது. எனக்கு ஒரே பெருமை. நிமிர்ந்தால் தாயின் முகம் வாடியிருந்தது. அவளையல்லவா முதலில் கூப்பிடச் சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொரு பக்கம் அவளை நிறுத்தி, இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டோம். பிள்ளை கொஞ்சம் யோசிப்பதுபோல் கிடந்தது. அப்புறம் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. வயிற்றில் இருக்கும்போதே கேட்டுப் பழகிய குரலாயிற்றே. அவள் அழுதுவிட்டாள்.

படுக்க வைக்கையில் பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் துள்ளியது. "பயந்துருச்சு, மந்திரிக்கணும்" என்றார் அப்பத்தா. மந்திரிக்கட்டும், அதனால் கெடுதலில்லை. எல்லாப் பச்சைப்பிள்ளையும் இப்படித் துள்ளும் என்று சொல்லி, கைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். அடங்கியது.

ராத்திரி பழைய பயிற்சி நோட்டைப் புரட்டினேன். பிரேசில்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1973-இல் பச்சைப்பிள்ளைகளின் நடத்தையைக் கவனிக்க ஓர் அளவுகோல் கொண்டுவந்தார். பின்னால் நியூஜென்ட் என்பவரும் கூட்டாளிகளும் அதிலிருந்து 18 கவனிப்புகள் கொண்ட சிறிய முறை ஒன்றை அமைத்தார்கள். பிள்ளைக்கு பாஸ், ஃபெயில் போட அல்ல. பெற்றவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு. 'பெற்றவர்களோடு' என்ற சொல்லுக்கு அன்றே அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன், இன்றைக்கு மறந்துபோனேன்.

மே 9

கச்சான் காற்று, கண்ணெல்லாம் மணல். பதிவேட்டு வேலை. ஒரு பிள்ளையையும் பார்க்கவில்லை.

மே 14

அப்பாக்காரர் மடியில் பிள்ளை. அப்பத்தா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். போனதும் போகாததுமாகக் குனிந்து கொஞ்சத் தொடங்கினேன்.

"அக்கா, கொஞ்சம் பேசாம இருங்க. விரலை விரிச்சிட்டா, மூஞ்சியத் திருப்பிட்டா. அவளுக்குப் போதுமாம்."

வாயை மூடிக்கொண்டு தராசை எடுத்தேன். 2.9.