அப்பாவின் மொறிஸ் மைனரும் தேய்ந்த காபரேற்றரும்

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் 1965ஆம் ஆண்டுக் கார். 1098 சிசி என்ஜின், ஒற்றை எஸ்.யு. எச்.எஸ்.2 காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குக் கொடுக்கிற பகுதி). போன மாரிக்குப் பிறகு அதற்கு ஒரு வருத்தம் பிடித்தது. கொக்குவிலில் இருந்து காங்கேசன்துறை வீதியால் பட்டினத்துக்கு ஓடும்வரை ஒரு குறையும் இல்லை. சந்தியில் காலை எடுத்தால் போதும், என்ஜின் ஏறி இறங்கி, இரண்டு தரம் இருமி, நின்றுவிடும். குளிரில் ஸ்ரார்ட் செய்யப் பெற்றோலைக் கூட்டித்தரும் சோக்கைக் கொஞ்சம் இழுத்து வைத்தால் நிற்காது. நோயைக் காட்டித்தந்ததே அந்தச் சோக் தான், எனக்குத்தான் அப்போது பிடிபடவில்லை.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து ஒரு கிற் எடுப்பித்து, மிதவை ஊசி, கேஸ்கட், வாஷர் எல்லாம் மாற்றினேன். மிதவைக் கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரிப் படிந்திருந்ததையும் கழுவி எடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ஒரு கராஜில், "இதைக் கழற்றி வைச்சிட்டு ஜப்பான் காபரேற்றர் ஒண்டு போடுங்கோ" என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கார் எந்தக் காலமெல்லாம் ஓடியது என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் சுன்னாகத்தில் ஒரு வயதான மெக்கானிக் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் சாவி, ஸ்பனர் ஒன்றையும் தொடவில்லை. என்ஜினை ஓடவிட்டு, எண்ணெய்க் குப்பியால் அக்சிலேற்றர் ஸ்பிண்டிலின், அதாவது காபரேற்றருக்குள் காற்றைத் திறந்து மூடும் பட்டர்பிளைத் தட்டைத் திருப்புகிற தண்டின், இரண்டு முனையிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். தடுமாறிக்கொண்டிருந்த என்ஜின் நாலைந்து விநாடிக்கு அப்படியே சீராகிவிட்டது. எண்ணெய் உள்ளே இழுபட்டதும் மறுபடி பழைய தடுமாற்றம்.

"தம்பி, இதைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ" என்றார். ஸ்பிண்டிலை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். ஆடிய பல் மாதிரி டிக் டிக் என்று அசைந்தது.

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. ஸ்பிண்டில் தேய்ந்து, அது ஓடுகிற அலுமினிய உடம்பின் துவாரமும் அகன்றுவிட்டது. அந்த இடைவெளியால் போகிற காற்று, பெற்றோல் வருகிற துவாரமான ஜெற்றைத் தாண்டாமல் நேரே என்ஜினுக்குள் போய்விடும். அந்தக் காற்றுக்கு உரிய பெற்றோல் வராது. வேகமாக ஓடும்போது என்ஜின் குடிக்கிற காற்றோடு பார்த்தால் அது சொற்பம், அதனால் தெரியாது. ஐடிலில், அதாவது காலை எடுத்து நிற்கும்போது, என்ஜினுக்கு வேண்டியதே கொஞ்சக் காற்றுத்தான். அப்போது அந்த ஒழுக்கே பெரும் பங்கு. எஸ்.யு.வில் சோக்கை இழுத்தால் ஜெற் கீழே இறங்கிப் பெற்றோல் கூடும். சோக்கோடு ஓடியதன் காரணம் அதுதான்.

ஏன் இவ்வளவு தேய்ந்தது என்று கேட்டேன். "மண்ணெண்ணெயில ஓடின காரோ?" என்று திருப்பிக் கேட்டார். ஓம். 1990இல் சண்டை மறுபடி தொடங்கிக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் போனபோது, அப்பா மற்றவர்களைப் போல மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார். காபரேற்றர் வாயில் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்வார், சூடேறியதும் மண்ணெண்ணெய். ஒவ்வொரு தரமும் வாயைத் திறக்க வேண்டியிருந்ததால் எயார் கிளீனரைக் கழற்றியே வைத்திருந்தார். செம்மண் புழுதி எத்தனை வருடம் அந்த வழியால் போயிருக்கும்! அவர் அப்படி ஓட்டியிராவிட்டால் அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கவும் முடியாது.

காபரேற்றரைக் கழற்றுவது அரை மணி நேர வேலை. கவனிக்க வேண்டியது பட்டர்பிளைத் தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சின்னப் பித்தளை ஆணிகளை. அவற்றின் முனை பிளந்து விரிக்கப்பட்டிருக்கும், கழன்று என்ஜினுக்குள் விழாமல் இருப்பதற்காக. விரிந்தபடியே திருகினால் ஸ்பிண்டிலின் புரி போய்விடும். குறட்டால் மெல்ல நெரித்து ஒடுக்கிவிட்டுத் திருக வேண்டும். தட்டின் விளிம்பு சரிவாக வெட்டப்பட்டிருப்பதால், எந்தப் பக்கம் மேலே என்று கீறி அடையாளம் வைத்தேன்.

புது ஸ்பிண்டிலை லண்டனில் இருக்கிற மச்சான் வாங்கி அனுப்பினார். எஸ்.யு. சாமான்கள் அங்கே இன்னும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. புது ஸ்பிண்டிலை மட்டும் போட்டுப் பயனில்லை, துவாரம் பழையதுதானே. லேத் பட்டறை அண்ணை உடம்பின் இரண்டு பக்கத் துவாரத்தையும் அகட்டி, உள்ளே ஸ்பிண்டிலின் அளவுக்கு வெண்கல புஷ் (குழாய் மாதிரி உறை) கடைந்து இறுக்கினார். இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். மயிரிழை விலகினாலும் தட்டு சுவரில் உரசும். அதற்காகத் துவாரத்தைச் சரியான அளவுக்குச் சீவும் நீளமான ரீமர் ஒன்றை இரண்டு துவாரத்துக்கும் ஊடாக ஒரேயடியாக விட்டார். அவசரப்படாத மனிதர், ஒரு பின்னேரம் முழுக்க இதற்கே போனது. ஸ்பிண்டிலை நுழைத்து விரலால் சுழற்றினேன். வழுக்கிக்கொண்டு சுழன்றது, ஆட்டினால் அசைவே இல்லை.

பூட்டும்போது எனக்குப் பாடுபட வைத்தது ஜெற்றை நடுவாக்குகிற வேலை. காபரேற்றருக்குள் காற்றுக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு பிஸ்ரன் உண்டு, அதன் அடியில் இருக்கும் ஊசி ஜெற்றுக்குள் போய்வரும். இந்த மாதிரியில் ஊசி பிஸ்ரனில் அசையாமல் இறுகியிருக்கும். ஜெற் ஒரு பக்கம் சாய்ந்தால் ஊசி உரசும், ஜெற்றின் வட்டமும் கெடும். ஜெற்றைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, ஜெற்றை மேலே தள்ளி, பிஸ்ரன் அடியில் இருக்கும்போதே நட்டை இறுக்க வேண்டும். பிறகு பிஸ்ரனை விரலால் உயர்த்தி விட்டால், அடியில் போய் 'டக்' என்று தெளிவாகத் தட்ட வேண்டும். எனக்கு அந்தச் சத்தம் எட்டாவது தரம்தான் கேட்டது. பிஸ்ரனையும் அதன் மூடியையும் எமெரித் தாளால் தேய்க்கவே கூடாது என்று ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்த சோடி. பெற்றோலால் துடைத்ததோடு சரி.

ரியூனிங்குக்கு, ஜெற்றை வாசலோடு மட்டமாக ஏற்றி, அங்கிருந்து ஜெற்றின் கீழே இருக்கும் ரியூனிங் நட்டை இரண்டு சுற்று இறக்கித் தொடங்கினேன். என்ஜின் சூடானதும் பிஸ்ரனை மயிரிழை உயர்த்திப் பார்த்தேன். சத்தம் ஏறி ஏறியபடியே இருந்தால் பெற்றோல் கூட, நின்றால் குறைவு. கொஞ்சம் ஏறிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. நட்டின் அரை முகம் திருப்பியதில் சரிக்கு வந்தது.

அன்று பின்னேரம் அப்பாவை முன்னால் இருத்தி நல்லூர் வரை போய் வந்தோம். சந்தியில் நின்றபோது அவர் பேசவில்லை. கையை டாஷ்போர்டில் வைத்து அதன் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சோக் இழுக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

மூன்று மாதமாகிறது. பிளக் நல்ல மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கிறது, கலவை சரி என்பதற்கு அதுதான் அடையாளம். மாதம் ஒருமுறை ஸ்பிண்டில் முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன், எயார் கிளீனரையும் கழுவுகிறேன். இப்போது பெற்றோல் பம்ப் சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து ஓய்ந்த பிறகும், இடையிடையே தனியாக ஒரு தரம் அடிக்கிறது. வாற ஞாயிறு அதைத் திறக்க வேண்டும்.