இஞ்சினை நிப்பாட்டுற வேலை

நிலாவெளியில இருந்து திமிங்கிலம் பாக்கப் போற போட்ல நான் ஆறு சீசன் வேலை செய்தனான். சீசன் எண்டா மார்ச்சில தொடங்கி ஆகஸ்ட் மட்டும், பேந்து வாடை தொடங்கினா எங்கட பக்கத்துக் கடல் குழம்பிப் போடும், சின்ன போட் இறக்கவே ஏலாது. அதுக்கு முதல் ஒரு ஹோட்டல்ல ரிசப்ஷன்ல நிண்டனான், இங்கிலிஷ் கொஞ்சம் கதைப்பன் எண்டதால ஆக்களக் கூட்டிக்கொண்டு போக வாறியா எண்டு கேட்டாங்கள், சம்பளம் பெரிசா கூட இல்ல, ஆனா விடியக்காலமை கடல்ல நிக்கலாம் எண்ட ஆசையில ஓம் எண்டுட்டன்.

எங்கட ஓட்டி வயசான மனிசன், நானா எண்டுதான் நான் கூப்பிடுறது, அவர் என்னைத் தம்பி எண்டுவார். சண்டைக் காலத்தில கடலுக்குப் போகத் தடை போட்ட நாள், பாஸ் காட்டிப் போன நாள், சுனாமியில போட்டும் வலையும் ஒரே காலமையில போன நாள் எல்லாம் பாத்தவர். அவருக்குத் திமிங்கிலம் டூரிஸ்ட் சாமான் இல்ல, மீன்பிடிக்கப் போகேக்க பக்கத்தில மூச்சு விட்டுக்கொண்டு போற ஒரு பெரிய உயிர், அவ்வளவுதான். ஓங்கில் கூட்டம் துள்ளினா கீழ சூரை நிக்கும் எண்டு வலைக்காரர் பாக்கிற மாதிரித்தான் அவர் கடலைப் பாப்பார், ஆலா எங்க சுத்துது, தண்ணி எங்க நிறம் மாறுது எண்டு.

வாற ஆக்கள் எல்லாரும் முதல் கேக்கிறது இவ்வளவு கரைக்குக் கிட்ட ஏன் திமிங்கிலம் வருது எண்டுதான். திருகோணமலை உலகத்தில பெரிய இயற்கைத் துறைமுகங்களில ஒண்டு எண்டு நாங்கள் பள்ளிக்கூடத்தில பாடமாக்கினம், ஆனா அந்த ஆழம் துறைமுகத்தோட முடியேல்ல எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. மகாவலி வந்து விழுற கொட்டியாரக் குடாவில இருந்தே கடலுக்கடியில ஒரு பெரிய பள்ளத்தாக்கு வெளிக்கடல் மட்டும் இறங்கிப் போகுது, ஆயிரம் மீட்டருக்கும் மேல ஆழம். வேற இடங்களில கன தூரம் ஓடித்தான் அந்த ஆழத்துக்குப் போகோணும், இங்க கரையைக் கண்ணால பாத்துக்கொண்டே போகலாம். அதாலதான் கோணேசர் கோயில் மலையில நிண்டே சில நாள் திமிங்கிலம் மூச்சு விடுறதைக் காணலாம்.

இதை வெளியாக்கள் கண்டு பிடிச்சதும் புதுசா இல்ல. 1979ல இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களுக்குச் சரணாலயமா அறிவிச்ச பிறகு டியூலிப் எண்ட ஒரு பாய்மரப் படகு 1982ல இருந்து 84 மட்டும் இந்தக் கடல்ல ஆராய்ச்சி செய்தது, திருகோணமலைக்கு வெளிய நீலத்திமிங்கிலமும் ஸ்பேர்ம் திமிங்கிலமும் நிக்குது எண்டு எழுதி வச்சவை அவைதான். 83ல நாட்டில என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். பிறகு கன காலத்துக்கு எங்கட கடல்ல டூரிஸ்ட் போட் எண்ட கதையே இல்ல, 2009க்குப் பிறகுதான் ஆக்கள் வரத் தொடங்கினது.

நானா எனக்கு முதல் படிப்பிச்சது மூச்சை. நீலத்திமிங்கிலம் விட்டா நேர மேல போகும், ஒரு இளந்தென்னை உயரத்துக்கு, காத்தில்லாத நாளில கொஞ்ச நேரம் அப்பிடியே தூண் மாதிரி நிக்கும். ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்கு மூக்கு தலையிண்ட இடப்பக்கம், அதால அது விடுற மூச்சு முன்னுக்கும் இடப்பக்கத்துக்கும் சரிஞ்சு போகும், கட்டையா, பத்தை மாதிரி. இதைப் பிரிச்சுப் பாக்கப் பழகினால்தான் எவ்வளவு நேரம் காத்திருக்கோணும் எண்டு தெரியும், நீலம் தாண்டா ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிஷத்தில திரும்ப வரும், மற்றது வாலைத் தூக்கிப்போட்டு இறங்கினா முக்கால் மணித்தியாலம் கூடப் போகும்.

எனக்கு மறக்கேலாத நாள் ரெண்டாவது சீசன்ல, மே மாசம். அண்டைக்கு அஞ்சு போட் நிண்டது, எங்கட போட்ல ஏறின ஆக்கள் பின்னேரம் கொழும்புக்குப் போகோணும், முதலாளி போன்ல வடிவாப் படம் எடுக்கக் கிட்டக் கொண்டு போ எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். 100 மீட்டருக்குள்ள போகக்கூடாது எண்டு விதி இருக்கு, எனக்கும் தெரியும், அங்க நிண்ட அஞ்சு ஓட்டிகளுக்கும் தெரியும். அந்த நேரம் ஒரு தாயும் குட்டியும் எழும்பிச்சுது. மற்ற போட் எல்லாம் இழுக்குது, நான் நானாவைப் பாத்து விடுங்கோ நானா, முன்னுக்கு விடுங்கோ எண்டுட்டன். அவர் என்னை ஒருக்காப் பாத்தார், ஒண்டும் சொல்லேல்ல, விட்டார்.

குட்டி எங்களுக்கும் மற்றப் போட்டுக்கும் நடுவில தனிய எழும்பிச்சுது. குட்டி எண்டு சொல்றன், நீலத்திமிங்கிலம் பிறக்கேக்கயே 7 மீட்டர், எங்கட போட் 18 அடி, எங்களைவிடப் பெரிய குட்டி. ஆனா அது விட்ட மூச்சு சின்னது, அடுத்தடுத்து, ஓடிக் களைச்ச பிள்ளை விடுற மாதிரி. முதுகுத் தோல் மழை நனைஞ்ச சிலேற்றுப் பலகை நிறத்தில, அதில வெளிறின திட்டுத் திட்டா. அது இஞ்சால திரும்புது, அங்கால திரும்புது, ரெண்டு பக்கமும் இஞ்சின் சத்தம். பிறகு தாய் எங்கட போட்டுக்கு மற்றப் பக்கத்தில வந்து எழும்பிச்சுது, அதிண்ட மூச்சு எங்கட முகத்தில தூவானமா விழுந்தது, அழுகின மீன் வெடுக்கு, அப்பதான் எனக்கு விளங்கிச்சு, நாங்கள் ரெண்டுக்கும் நடுவில நிக்கிறம். போட்ல எல்லாரும் கை தட்டுகினம். நானா இஞ்சினை நிப்பாட்டினார். தாய் எங்களுக்குக் கீழால போச்சுது, தண்ணிக்குள்ள வெளிர்நீலமா அது போய் முடியிறதுக்கே கன நேரம் எடுத்துது.

கரைக்கு வந்து போட்டை இழுத்துப் போட்டாப் பிறகுதான் நானா வாய் திறந்தவர். “தம்பி, தாயையும் பிள்ளையையும் பிரிச்சுப்போட்டு என்ன படம்?” அவ்வளவுதான் கேட்டார். எனக்குச் சொல்ல ஒரு பதிலும் இருக்கேல்ல, இண்டைக்கும் இல்ல.

அதுக்குப் பிறகு போட்ல ஏற முதலே ஆக்களுக்குச் சொல்லத் தொடங்கினன், நாங்கள் கிட்டப் போறேல்ல, தூரத்திலயே இஞ்சினை நிப்பாட்டுவம், அது விரும்பினா வரும், இல்லாட்டி இல்ல. சிலர் காசைத் திருப்பித் தா எண்டு நிண்டவை. முதலாளியோட சண்டை. டிப்ஸ் குறைஞ்சது உண்மை, வீட்டில அது தெரிஞ்சுது. ஆனா இஞ்சின் நிண்டாப் பிறகுதான் அந்த வேலையிண்ட ருசியே எனக்குத் தெரிஞ்சுது. போட் ஆடும், ஒராள் சத்தி எடுப்பார், தேசிக்காயை மணக்கக் குடுப்பன், பணிஸும் பிளேன்டீயும் போகும், பேந்து ஒரு சத்தமும் இல்ல. அந்த நேரம் தூரத்தில விடுற மூச்சு முதல் கண்ணுக்குத் தெரியும், கொஞ்சம் பிந்தித்தான் காதுக்கு வரும். அது தாண்ட இடத்தில தண்ணி எண்ணெய் ஊத்தின மாதிரி வட்டமா வழுவழுப்பா நிக்கும், வால் அடிச்ச தடம் அது, சின்னப் பிள்ளையள் அதைத்தான் கூட நேரம் பாக்குங்கள்.

ஒருநாள் அந்தத் தடத்துக்குப் பக்கத்தில செங்கல்லைக் கரைச்சு விட்ட மாதிரி சிவப்பா மிதந்தது. ரத்தம் எண்டு ஒரு அம்மா பயந்திட்டா, அது திமிங்கிலத்திண்ட கழிவு, சின்னச் சின்ன இறால் இனங்களத் திண்டா அந்த நிறம்தான் வரும். இப்பிடி ஒண்டை 2003ல கண்டதில இருந்துதான் இலங்கைக் கடலாய்வாளர் ஆஷா டி வொஸ் இந்த நீலத்திமிங்கிலங்களப் பற்றி ஆராயத் தொடங்கினவ, மற்ற இடத்து நீலத்திமிங்கிலங்கள் மாதிரிச் சாப்பாட்டுக்குக் குளிர்க்கடலுக்குப் போகாமல் இவை இந்தச் சூட்டுக் கடல்லயே இரை தேடுதுகள் எண்டு சொன்னவ. அந்த அம்மாட்ட இதைச் சொல்ல, அப்ப இது எங்கட ஊர்ப் பிராணியே எண்டு கேட்டா. ஓம் அம்மா எண்டன், எனக்கும் அது நல்லாப் பிடிச்சுது.

பத்து மணிக்குப் பிறகு கச்சான் காத்து எழும்பினா கடல் சொறி பிடிச்ச மாதிரி, ஒரு மூச்சும் தெரியாது, அதால திரும்பி வந்து சில குறூப்பைப் புறாத்தீவுக்குக் கொண்டு போறது. கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் அளவுதான், 2003ல தேசியப் பூங்காவாக்கினது. அங்க எனக்கு இருந்த ஒரே சண்டை கால். நீந்தத் தெரியாத ஆக்கள் களைச்ச உடன முருகைக்கல்லுக்கு மேல எழும்பி நிப்பினம், ஓட்டுத்துண்டு மிதிக்கிற மாதிரி சத்தம் தண்ணிக்குள்ளால கேக்கும். அது கல்லில்ல, உயிர், இந்தளவு வளர எத்தினை வருஷம் எண்டு நான் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லியிருப்பன். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் வந்தா எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டு மிதப்பினம், அதுகள் ஆக்களக் கண்டா விலகிப் போறதுகள், எண்டாலும் நான் அந்த நேரம் மட்டும் பயப்பிடாதேங்கோ எண்டு கொஞ்சம் பிந்தித்தான் சொல்றது, கல்லு தப்பட்டும் எண்டு.

வேலையை விட்டு ரெண்டு வருஷம், இப்ப டவுன்ல ஒரு ஒபிஸ்ல இருக்கிறன். போன ஏப்ரல்ல அம்மாவோட கோணேசர் கோயிலுக்குப் போனனான், பூசை முடிஞ்சு இராவணன் வெட்டுப் பக்கம் வந்து நிக்கேக்க தூரத்தில நேர மேல ஒரு மூச்சு. அம்மாக்கு விரலால காட்டினன், அவ கண்டுபிடிக்கிறதுக்குள்ள நாலு போட் வெள்ளை நுரையைக் கிழிச்சுக்கொண்டு அங்க போகுது. அஞ்சாவது ஒண்டு நுரை இல்லாமல் தள்ளி நிண்டுது. நானாட போட்டா எண்டு பாத்தன், அவ்வளவு தூரத்தில நிறம் பிடிபடேல்ல. எங்க தம்பி, எங்க எண்டு அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா, அந்தத் தனிப் போட்டைப் பாருங்கோ அம்மா, அதுக்கு இஞ்சால பாருங்கோ எண்டன்.