அரைச் சுவருக்கு இந்தப் பக்கம்

என் குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. காலைப் பிரார்த்தனையில் மைக் மக்கர் செய்தால் தலைமையாசிரியர் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். "டீச்சர், நீங்களே சொல்லிடுங்க." நான் ஒரு அதட்டு போட்டால் மைதானத்து வேப்பமரம் வரை அமைதியாகிவிடும். பதினெட்டு வருடமாகத் தமிழ் நடத்தியது அந்தத் தொண்டையை நம்பித்தான்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே இருப்பது அரைச் சுவர். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை வந்தால் பாடம் கிடையாது, சரி. மழை இல்லாத நாளில் மின்விசிறிகளின் கடகடப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் கணக்கு சார் பிதாகரஸ் தேற்றத்தை ஆரம்பிப்பார். அதற்கு மேலே ஏற்றி நான் புணர்ச்சி விதியைச் சொல்வேன். அவர் இன்னும் ஒரு படி ஏறுவார். மணி அடிக்கும்போது இரண்டு பேரும் மீன் ஏலம் விடுகிற தொனியில் இருப்போம்.

வியாழக்கிழமை சாயங்காலம் குரல் கம்மும், திங்கட்கிழமை திரும்பிவிடும். பால், பனங்கற்கண்டு, மிளகு, வாயில் அடக்க ஒரு துண்டு அதிமதுரம். இதெல்லாம் வாத்தியார் உத்தியோகத்தில் சகஜம் என்று இருந்துவிட்டேன். ஒரு வருடம் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தும் குரல் திரும்பவில்லை. 'ஐ' என்றால் பாதி காற்றாக வந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, "ஈ சொல்லுங்க" என்றார். பக்கத்துத் திரையில் என் குரல்நாண்களை முதன்முதலாகப் பார்த்தேன். வெள்ளையாக இரண்டு மடிப்புகள், விரிந்து விரிந்து சேர்கின்றன. ஆனால் முழுக்கச் சேரவில்லை. இரண்டிலும் நேருக்கு நேராக ஒரு சின்ன முண்டு, குருணை அரிசி மாதிரி. "மண்வெட்டி பிடிச்சா கையில காய்ப்பு காய்க்கும்ல, அதுதான் இது. ஆபரேஷனெல்லாம் வேண்டாம். முதல்ல பேசுற விதத்தை மாத்துங்க."

பெண்கள் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 முறை மோதிக்கொள்ளுமாம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 40 நிமிடப் பாட வேளையில் பாதி நேரம்தான் குரல் எழுகிறது என்று வைத்துக்கொண்டாலும் 2,40,000 மோதல். ஒரு நாளைக்கு எனக்கு ஆறு வகுப்பு. அதற்கப்புறம் கணக்கைத் தொடரவில்லை.

பேச்சுப் பயிற்சி தந்த பெண்ணுக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். நான் ஐந்து நிமிடம் பாடம் நடத்துவதைக் கேட்டுவிட்டு, "மேடம், கழுத்து நரம்பு புடைக்குது. மூச்சு முடிஞ்ச பிறகும் இன்னும் நாலு வார்த்தை பேசுறீங்க" என்றாள். வயிற்றில் கை வைத்துப் பார்க்கச் சொன்னாள். அசைவே இல்லை. மூச்சை நெஞ்சு வரைக்கும் இழுத்துத் தொண்டையால் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கேதான் எனக்கு வெட்கம் பிடுங்கியது. 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்று, எழுத்தொலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலைத் தொல்காப்பியர் ஆரம்பிக்கிறார். உந்தி என்றால் கொப்பூழ், அங்கிருந்து காற்று எழுகிறது என்று கல்லூரியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள் நான். ஒரு நாளாவது என் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருப்பேனா?

பயிற்சி பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அரை டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு 'ஊ' என்று ஊத வேண்டும். குமிழி சீராக வந்தால் சரி, திமிறினால் நாம் தள்ளுகிறோம் என்று அர்த்தம். காகிதக் குழல் சீக்கிரமே கொழகொழத்துவிட்டது, எவர்சில்வர் குழல் வாங்கினேன். பிறகு 'ம்' என்று முனகி உதட்டில் கிறுகிறுப்பு வரும்வரை நிறுத்துவது, அந்தக் கிறுகிறுப்பு போகாமல் மாமா, மாமரம், மாமியார் என்று சொல்வது. ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. தொண்டையைச் செருமக்கூடாது, ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். ஓய்வு கொடுப்பதாக நினைத்து நான் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்ததும் தப்பாம். தொண்டை அதிலும் இறுகுகிறது.

எங்கள் அரைச் சுவர் ஏலத்துக்குக்கூட ஒரு பெயர் இருந்தது, லொம்பார் விளைவு. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னை அறியாமல் குரலை ஏற்றுவான் என்று 1911இல் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியிருக்கிறாராம். சத்தத்தைத் துரத்திக்கொண்டு ஏறாமல், கேட்கிறவர் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னாள்.

வகுப்பில் முதல் வாரம் பெரும் தோல்வி. மெதுவாகப் பேசினேன், யாரும் கேட்கவில்லை. கரும்பலகையை விட்டு இறங்கி வரிசைகளுக்குள் நடந்தேன். இரைச்சல் எழுந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, மேசையை இரண்டு தட்டு. பத்தியைப் பிள்ளைகளே எழுந்து வாசித்தார்கள். பின் பெஞ்சுப் பையன் ஒருவன், "டீச்சர், எங்க மேல கோவமா?" என்று கேட்டான். அதட்டாவிட்டால் கோபம் என்று அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது, நான்தான்.

மூன்று மாதத்தில் முண்டுகள் சிறுத்திருந்தன. முழுக்கத் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். விளையாட்டு விழாவில் எங்கள் வகுப்பு கோகோ இறுதிப் போட்டிக்கு வந்தபோது கத்தித் தீர்த்துவிட்டு மூன்று நாள் காற்றாகப் பேசினேன்.

ஒரு நாள் செய்யுள் நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் நின்று ஒரு பிள்ளையின் புத்தகத்தைப் பார்த்து நான் வாசிக்க, எல்லாரும் வரியில் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரைச் சுவருக்கு மேலே கணக்கு சாரின் தலை முளைத்தது.

"ஏம்ப்பா, உங்க டீச்சர் லீவா?"

வகுப்பே சிரித்தது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் அசட்டுச் சிரிப்போடு இறங்கிப் போய், அடுத்த கணக்கைத் தணிந்த குரலில் ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் இருந்திருக்கும்.