பாட்டுத் தொகுப்பைத் தாளில் இறக்குவது

ஹார்ட் டிஸ்கில் 5,000 பாட்டு இருக்கிறது, வீட்டுப் பெரியவர்களுக்குக் கையில் புரட்ட ஒரு பட்டியல் வேண்டும் என்றால், முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: பாட்டுவாரியா, படவாரியா? ஏ4 தாளில் பக்கத்துக்குச் சுமார் 50 வரி பிடிக்கும். பாட்டுவாரியாக அச்சிட்டால் 100 பக்கம். அதை யாரும் புரட்டப்போவதில்லை. படத்துக்கு ஐந்தாறு பாட்டு என்று வைத்துக்கொண்டால், படவாரியாக 18 பக்கம் சொச்சத்தில் முடிந்துவிடும். திரையிசைக்கு அதுவே சரி.

விண்டோஸில் எம்பி3டேக் என்ற மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குப் போதும். பாட்டுக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் படப் பெயர், ஆண்டு, பாடகர் போன்ற விவரங்களை (டேக்) அது படிக்கும், திருத்தும். பாட்டுக் கோப்புறையை அதற்குள் இழுத்துவிட்டு, கண்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்த பிறகு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட். தேர்ந்தெடுத்தவை மட்டுமே பட்டியலில் வரும் என்பதால் கண்ட்ரோல்-ஏ முக்கியம். கூடவே வரும் சிஎஸ்வி (எக்செலில் திறக்கக்கூடிய உரைக் கோப்பு) அமைப்பில் இசையமைப்பாளர் பத்தி கிடையாது. அந்த அமைப்பைத் திருத்தி, கம்போசர் என்பதை ஆங்கிலத்தில் சேர்க்க வேண்டும். தலைப்பு வரியில் வெறும் சொல்லாகச் சேருங்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் இருக்கும் வரியில் இரு பக்கமும் சதவீதக் குறியோடு சேருங்கள். ஒன்றில் மட்டும் சேர்த்தால் பத்திகள் ஒரு கட்டம் தள்ளிப்போகும்.

வந்த கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்க வேண்டாம். எக்செல் தானாகவே 'திருத்த' ஆரம்பித்துவிடும். 12 பாட்டில் முதலாவது என்பதைக் குறிக்கும் 1/12, சிங்கப்பூர் தேதி அமைப்புள்ள கணினியில் டிசம்பர் 1 ஆகிவிடும். 4:35 நிமிடப் பாட்டு அதிகாலை 4 மணி 35 நிமிடம் ஆகும். டேட்டா தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கொண்டுவந்து, தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்ற தெரிவைப் போடுங்கள். முன்னோட்டத்தில் தமிழ் சிதறினால் அங்கேயே ஃபைல் ஆரிஜினை மாற்றிப் பாருங்கள். தமிழைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறைக்கு எண் 65001.

இதுவரை அரை மணி நேர வேலை. நேரத்தை விழுங்குவது டேக்தான்.

சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிய பழைய சிடிகளில் பல, இரண்டு படம் ஒரே சிடி வகை. கணினியில் ஏற்றும்போது அது ஒரே ஆல்பமாகப் பதிவாகியிருக்கும். எம்பி3டேக்கில் அந்தந்தப் படத்தின் பாட்டுகளைப் பிரித்துத் தேர்ந்தெடுத்து ஆல்பம் பெயரை மாற்றுங்கள். ஆண்டையும் நிரப்புங்கள்: ஆண்டு இல்லாவிட்டால் 1980இன் பில்லாவும் 2007இன் பில்லாவும் ஒன்றாகிவிடும். ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் சில கோப்புகளில் பாடகர் இருப்பார், சிலவற்றில் இசையமைப்பாளர் இருப்பார். ஒரே முறைக்குக் கொண்டுவாருங்கள். ரஹ்மானும் ரகுமானும் கணினிக்கு இரண்டு ஆள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்துவிடவும் கூடாது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் 1965இல் பிரிந்தார்கள். அதற்குப் பிந்தைய எம்.எஸ்.வி. படங்கள் தனிக் கணக்கு.

கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் உண்டு. 'கொ' என்பதில் வரும் துணையெழுத்தை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே இருக்காது, பட்டியலில் மட்டும் படம் இரண்டு முறை வரும். மேக் கணினியிலிருந்து வந்த கோப்புப் பெயர்களில் இதைப் பார்க்கலாம். 'ஸ்ரீ'யிலும் இதே தொல்லை. சந்தேகம் வந்தால் அந்தப் பெயரை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்வதே குறுக்குவழி. பாட்டுப் பெயர் பாதியில் அறுந்திருந்தால் அது பழைய ஐடி3 முதல் பதிப்பு டேக். அதில் 30 பைட்டுக்கு மேல் இடமில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் போட்ட டேக் புரியாத குறிகளாகத் தெரியும்; என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு எடுக்கலாம்.

டேக் சுத்தமானதும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, எக்செலில் பிவட் டேபிள் (பாட்டுகளைப் படவாரியாகத் தொகுக்கும் அட்டவணை) போடுங்கள். வரிசைப் பகுதியில் (ரோஸ்) படம், ஆண்டு, இசையமைப்பாளர். மதிப்பில் பாட்டு எண்ணிக்கை. டேபுலர் வடிவத்துக்கு மாற்றி இடைக்கூட்டுத்தொகையை நிறுத்துங்கள். அகரவரிசையை மட்டும் சரிபாருங்கள். யூனிகோடு எண் வரிசையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' வரும், புள்ளி எழுத்து கடைசியில் போகும். நம் அகராதி வரிசை அதுவல்ல. வரிசை பிசகினால் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் தமிழ் மொழியைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துங்கள்.

அச்சிட நிர்மலா யுஐ எழுத்துரு, அளவு 9, வரி உயரம் 15. இதைவிடக் குறைத்தால் கொம்பும் சுழியும் வெட்டுப்படும். முதல் வரி ஒவ்வொரு பக்கத்திலும் வரும்படி பிரிண்ட் டைட்டில்ஸில் குறிக்கவும். அகலம் ஒரு பக்கம், உயரம் தானியங்கி. துளையிட இடது ஓரம் 2 செ.மீ. விடுங்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் போன்ற இடங்களில் அச்சுக்கடைக்குக் கொண்டுபோவதானால் எக்செல் கோப்பாகக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆக்கித் தம்ப் டிரைவில் எடுத்துப்போங்கள். கடைக் கணினியில் எழுத்துரு மாறினால் பக்கப் பிரிப்பு முழுக்கக் கலைந்துவிடும்.