பக்கத்துலதான், நாலரை மணி நேரம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் நண்பனிடம், அதே மாநிலத்து ஆல்பனி எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "பக்கத்துலதான்டா, நாலரை மணி நேரம்" என்றான். மாடியிலிருந்து இறங்கி வருவதைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். கிலோமீட்டரில் அது 400-க்கு மேல். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் லண்டன் பக்கம் இருக்கும் அக்காவிடம், காலையில் பர்மிங்ஹாம் போய்விட்டு ராத்திரிக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். "அவ்வளவு தூரம் போயிட்டு அன்னைக்கே திரும்புவியா? பேசாம ஒரு ராத்திரி தங்கிட்டு வா" என்றாள். அது சுமார் 200 கிலோமீட்டர், ஆல்பனியில் பாதி.

இரண்டு பேருமே தினமும் கார் ஓட்டுகிறவர்கள். இரண்டு பேரும் மிகைப்படுத்திப் பேசுகிறவர்களும் இல்லை. இரண்டு வழியிலும் நானே ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன், அக்கா சொன்னதும் சரி, அவன் சொன்னதும் சரி. பர்மிங்ஹாம் போய் இறங்கியபோது தோள்பட்டை கல்லாக இருந்தது. ஆல்பனியில் இறங்கியபோது இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டச் சொன்னாலும் ஓட்டியிருப்பேன்.

இந்த வித்தியாசம் என்னை ரொம்ப நாளாகப் படுத்திக்கொண்டிருக்கிறது. வேகக் கட்டுப்பாடு மட்டும் காரணமாக இருக்க முடியாது, ஏனென்றால் இங்கிலாந்தின் மோட்டார்வேயில் மணிக்கு 70 மைல் போகலாம், அதாவது 112 கிலோமீட்டர், மேற்கு ஆஸ்திரேலியாவில் 110, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் லண்டனை விட்டு வெளியே வரவே எத்தனை ரவுண்டானா, எத்தனை தடம் மாறல்! மோட்டார்வேயில் ஏறிய பிறகும் தலைக்கு மேலே இருக்கும் மின்பலகை 60 என்கிறது, கொஞ்ச தூரத்தில் 50, அப்புறம் 40. முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கு எப்போது எரியும் என்று கண் அங்கேயே நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் எத்தனை சின்னச் சின்ன முடிவுகள் எடுக்கிறோமோ அதுதான் தூரமாக உடம்பில் ஏறுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆல்பனி வழியில் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு முடிவெடுக்க அதிகம் ஒன்றும் இல்லை. லாரியை முந்துவதா வேண்டாமா, அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தின் வடக்கே, மலைப்பகுதியில், இன்னும் ஒரு படி மேலே. அங்கே பல சாலைகளில் ஒரே ஒரு தடம்தான், போவதும் வருவதும் அதில்தான். நடுநடுவே ஒதுங்கி நிற்க ஓர் அகலப்படுத்திய இடமும் ஒரு பலகையும் இருக்கும். எதிரே வண்டி தெரிந்ததும் யார் ஒதுங்குவது என்று இரண்டு ஓட்டுநர்களும் தூரத்திலேயே மனசுக்குள் கணக்குப் போட வேண்டும், ஒருவர் ஒதுங்க வேண்டும், மற்றவர் கையை உயர்த்தி நன்றி சொல்லிக் கடக்க வேண்டும். அந்த மாதிரிச் சாலையில் ஒரு மணி நேரத்தில் 40 கிலோமீட்டர் போனாலே நன்றாகப் போனோம் என்று இருக்கும். நான் ஒரு மதியத்தில் எத்தனை பேருக்குக் கை காட்டினேன் என்று எண்ண ஆரம்பித்து, 60-ஐத் தாண்டியதும் விட்டுவிட்டேன். தென்மேற்கில் கார்ன்வால் பக்கம் வேறு கதை: சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் செடி மூடிய மண்சுவர், கண்ணாடியை உரசுகிற மாதிரி. பக்கத்தில் இருக்கிற பொருள் வேகமாகப் பின்னால் ஓடினால் நாமும் வேகமாகப் போவதாகத்தான் கண் நம்பும். அங்கே 50 கிலோமீட்டர் வேகத்தில் போவது வெட்டவெளியில் 110-இல் போவதைவிட வேகமாகத் தெரிகிறது. பயமும் அதிகம், களைப்பும் அதிகம், ஆனால் கடந்த தூரம் பாதிகூட இல்லை.

நான் முழுசாகத் தப்புக்கணக்குப் போட்டது நார்வேயில். மேற்குக் கரையில் 300 கிலோமீட்டர் வழி ஒன்றை, நாலு மணி நேரம் என்று நானே முடிவு செய்து, மதியம் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது ராத்திரி ஒன்பது தாண்டிவிட்டது. அந்த நாட்டில் ஊருக்கு வெளியே பொதுவான வேக வரம்பே 80தான், மலையைச் சுற்றும் வளைவுகளில் அதுவும் முடியாது. அதைவிட முக்கியம், சாலை திடீரென்று தண்ணீரில் போய் முடிந்துவிடும். கடல் உள்ளே புகுந்து நிலத்தை விரல் விரலாகப் பிளந்து வைத்திருக்கிறது, அந்தப் பக்கம் போக ஃபெர்ரிதான். கிறிஸ்டியான்சாண்டிலிருந்து டிரான்ட்ஹெய்ம் வரை போகும் ஈ39 சாலை சுமார் 1100 கிலோமீட்டர். அந்நாட்டுச் சாலைத்துறை சொல்லும் கணக்கே 21 மணி நேரம், வழியில் ஏழு ஃபெர்ரி. பாலமும் சுரங்கமும் கட்டி அந்த நேரத்தைப் பாதியாக்குவது அவர்கள் நெடுநாளாகப் பேசிவந்த திட்டம்.

அந்த முதல் படகுத்துறை எனக்கு இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது படகு கிளம்பி இருநூறு மீட்டர் போயிருந்தது. தரையில் எண் போட்ட தடங்கள், ஒன்றில் போய் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்ததும் அப்படி ஓர் அமைதி, தண்ணீர் கல்லில் படுகிற சத்தம் மட்டும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, நேரம் போகிறதே என்று ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன். முன்னால் நின்ற காரில் ஒரு வயதான அம்மா. கதவைத் திறந்து காலை வெளியே நீட்டி உட்கார்ந்து, மடியில் பின்னல் ஊசியும் நீல நூலுமாக, அவசரமே இல்லாமல் பின்னிக்கொண்டிருந்தார். படகு அந்தக் கரையில் வெள்ளைப் புள்ளியாகி, பிறகு மறுபடி பெரிதாகி, வந்து முட்டி, வாயைத் திறந்து, இரும்புத் தகடு தரையில் மோதிய சத்தம் கேட்கும் வரை ஊசி நிற்கவில்லை. சத்தம் கேட்டதும் அந்த வரிசையை முடித்துவிட்டு, நூலைச் சுற்றி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய பயணத்தில் அந்த அரை மணி நேரமும் ஒரு பகுதி. எனக்கு அது பயணத்திலிருந்து யாரோ திருடிக்கொண்ட நேரம். ஒரே துறை, ஒரே படகு, இரண்டு பேருக்கு இரண்டு தூரம்.

நார்வேக்காரர்கள் தூரத்தின் மனநிலையைப் பற்றி உண்மையிலேயே யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு லார்டால் சுரங்கப்பாதையே போதும். 2000-இல் திறந்தது, 24.5 கிலோமீட்டர், முழுவதும் மலைக்கு அடியில். ஓட்டிக் கடக்க இருபது நிமிடம் ஆகும், ஆனால் இருட்டுக்குள் ஒரே மாதிரி ஓடும் இருபது நிமிடத்துக்கு முடிவே இல்லை. அதனால் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றாக மூன்று பெரிய குகைகளைக் குடைந்து, நீல விளக்கு போட்டு, ஓரங்களில் விடியற்காலை மாதிரி மஞ்சள் வெளிச்சம் வைத்திருக்கிறார்கள். முதல் குகை வந்தபோது மூச்சு தானாக வெளியே வந்தது. நீளமான ஒரே தூரத்தை நாலு சின்னத் தூரமாக வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வெட்டிக் கொடுக்க ஆளில்லாத தூரம் எப்படி இருக்கும் என்பதற்கு நல்லார்பர் சமவெளி. ஆஸ்திரேலியாவின் தெற்கில், ஐர் நெடுஞ்சாலையில், பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூடக் கிடையாது. தொடக்கத்திலேயே பலகை வைத்து அறிவித்துவிடுகிறார்கள், 90 மைல் நேர்ச்சாலை என்று. முதல் பத்து நிமிடம் பிரமிப்பு. அப்புறம் பிரமிப்பு வடிந்து, எதிரே சாலை வானத்தில் போய் முட்டும் இடத்தில் கானல் மட்டும் நெளிகிறது. அதில் ஒரு புள்ளி தோன்றி, லாரியா காரா என்று தெரிய நெடுநேரம் ஆகி, நெருங்கி, எதிர் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்த, நானும் உயர்த்த, முடிந்தது. அதுதான் அந்த அரை மணி நேரத்தின் நிகழ்ச்சி. ஸ்பீடோமீட்டர் 110 காட்டினாலும் வண்டி நிற்கிற மாதிரியே இருந்தது, ஓரத்தில் கண் பிடித்துக்கொள்ளப் புதிதாக ஒன்றும் வரவில்லை என்பதால்.

ஆல்பனி பக்கத்தில்தான் என்று சொன்ன அதே நண்பன்தான் இந்த வழியைப் பற்றிப் பேசும்போது மட்டும் கவனமாகப் பேசினான், அதுவும் கிலோமீட்டரில் இல்லை. "பங்க் பார்த்தா டேங்கை நிரப்பிடு, பொழுது சாய்ஞ்சா ஓட்டாதே." ஒரு பெட்ரோல் பங்குக்கும் அடுத்ததற்கும் சில இடங்களில் 190 கிலோமீட்டர் இருக்கிறது. இருட்டத் தொடங்கினால் கங்காரு சாலைக்கு வரும், 110-இல் அதன் மேல் மோதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆக அங்கே ஒரு நாளின் தூரத்தை முடிவு செய்வது சூரியன். அந்தச் சூரியனையும் கடிகாரம் குழப்புகிறது: கிழக்கே போகப் போக யூக்லா பக்கத்தில் ஊர்க்காரர்கள் தாங்களாகவே 45 நிமிடம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தால் இன்னொரு 45. ஓட்டாமலேயே ஒன்றரை மணி நேரம் கையை விட்டுப் போகிறது. சில இடங்களில் சாலையின் மேலேயே விமான ஓடுதளக் கோடுகள் போட்டிருக்கிறார்கள், அவசரத்துக்குப் பறக்கும் மருத்துவர் விமானம் அங்கே இறங்குவதற்காக. அந்தக் கோடுகளைத் தாண்டிய நிமிடத்தில்தான் மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பது எனக்கு உறைத்தது. வரைபடத்தில் எத்தனை முறை பார்த்திருந்தும் உறைக்காத தூரம் அது.

அமெரிக்காவில் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் மைலில் பதில் வருவதே குறைவு, மணியில்தான் சொல்வார்கள். அதற்கு ஒரு வசதியான காரணம் இருக்கிறது, மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல், மைலும் நிமிடமும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போகின்றன. டெக்சஸில் ஐ-10 நெடுஞ்சாலையின் வெளியேறும் வழிகளுக்கு மைல் கணக்கில்தான் எண். மேற்கு எல்லையில் பூஜ்யத்திலிருந்து தொடங்கி கிழக்கு எல்லையில் 880 வரை போகிறது, ஒரே மாநிலத்துக்குள். எல் பாசோவில் இருப்பவருக்குத் தன் மாநிலத்து ஹியூஸ்டனைவிட கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பக்கம். அங்கே பிறந்து வளர்ந்தவரிடம் 200 கிலோமீட்டருக்கு ராத்திரி தங்கு என்று சொன்னால் அவருக்குப் புரியவே புரியாது.

அலகும் மனசோடு விளையாடுகிறது. அயர்லாந்து 2005 ஜனவரி 20 முதல் வேகப் பலகைகளையும் கிலோமீட்டருக்கு மாற்றிவிட்டது, வட அயர்லாந்தில் இன்னும் மைல்தான். எல்லையில் நிறுத்திக் கேட்க யாரும் இல்லை. சாலையின் ஓரக்கோடு மஞ்சளிலிருந்து வெள்ளையாகும், பலகை எண் மாறும், அவ்வளவுதான். அங்கே தெற்கிலிருந்து வடக்கே போனபோது கவனித்தேன்: பலகையில் எண் சின்னதாகிவிட்டதால் ஊர் கிட்டே வந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி, ஆனால் அந்தச் சின்ன எண் குறைவதற்குள் பொறுமை போய்விடுகிறது. சுவீடனில் இன்னும் வேடிக்கையாக, பேச்சில் 'மில்' என்பார்கள், அது பத்து கிலோமீட்டர். ஆறு மில் என்றதை ஆறு மைல் என்று எடுத்துக்கொண்டால் தீர்ந்தது.

பழைய அலகுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபின்லாந்தின் 'பெனின்குல்மா'. நாய் குரைப்பது கேட்கும் தொலைவு என்று பொருள். நம்முடைய 'கூப்பிடு தூரம்' அப்படியே அங்கேயும் இருக்கிறது, கூப்பிடுவது மட்டும் நாய். இந்த அலகுகளை ஏளனமாகப் பார்க்க என்னால் முடியவில்லை, ஏனென்றால் இவற்றில் காற்றும் மேடும் மரமும் சேர்ந்தே அளக்கப்படுகின்றன. கிலோமீட்டரில் அதெல்லாம் இல்லை.

அப்புறம் எதிர்பார்ப்பு. போகும்போது நீளமாகத் தெரியும் வழி திரும்பும்போது ஏன் சுருங்கிவிடுகிறது என்று நெதர்லாந்தில் நீல்ஸ் வான் டி வென் குழுவினர் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். பழகின வழி என்பது காரணம் இல்லை, போகும்போது குறைவாக எதிர்பார்த்து ஏமாந்ததுதான் காரணம் என்பது அவர்கள் முடிவு. வெளிநாட்டில் ஓட்டும்போது நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். எங்கே ஓட்டக் கற்றோமோ அந்த நாட்டின் அளவுகோலைப் பெட்டியோடு எடுத்துப் போகிறோம். வரைபடச் செயலி நிமிடக் கணக்கைத் துல்லியமாகவே சொன்னாலும் அதை நம்பாமல், 300 கிலோமீட்டர்தானே என்று மனசு பழைய கணக்கையே போடுகிறது.

இந்த ஜூனில் மறுபடி நார்வேயின் அதே கரைக்குப் போகிறேன். தங்கப்போகும் வீட்டுக்காரருக்கு, விமான நிலையத்திலிருந்து உங்கள் இடம் எவ்வளவு தூரம் என்று எழுதிக் கேட்டிருந்தேன். நேற்று பதில் வந்தது. இரண்டு படகு என்று எழுதியிருக்கிறார்.