பரோல் தம்பிக்கு, வீடு எங்களுக்கு

2026 ஜனவரி 10, சனி

பொங்கலுக்குத் தம்பி வந்துவிட்டான். போலீஸ் ரிப்போர்ட், புரொபேஷன் ஆபீசர் ரிப்போர்ட், ஜாமீன் கையெழுத்து எல்லாம் முடிந்து, இன்று மதியம்தான் கேரளத்து விய்யூர் ஜெயிலிலிருந்து விட்டார்கள். அப்பா வாசலிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், விடவே இல்லை.

ஜனவரி 12, திங்கள்

நேற்று ராத்திரி ஒரு மணி வாக்கில் கதவைத் தட்டினார்கள். நாலு போலீஸ்காரர்கள். "பரோல்காரன் இருக்கிற வீடு, எப்ப வேணும்னாலும் நோக்கும்" என்றார் ஒருவர், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் எல்லாரும் பேசுகிற பேச்சுதான் அது, ஆனால் அந்த நேரத்தில் கேட்டபோது அடிவயிறு கலங்கியது.

தம்பி படுக்கிற அறையைப் பார்த்தார்கள். சரி. அடுத்து மகளின் அறை. கூட ஒரு பெண் போலீஸ்கூட இல்லை. பீரோவைத் திறந்து அவள் துணிமணியை, உள்ளாடை உட்பட, ஒவ்வொன்றாகக் கட்டிலில் போட்டார்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். போகும்போது அவள் போனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு துண்டுச்சீட்டு தரவில்லை.

தம்பி வாயே திறக்கவில்லை. பேசினால் பரோல் ரத்தாகுமோ என்ற பயம். அந்தப் பயம் எங்கள் எல்லார் வாயையும் கட்டிப்போட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

தாலுகா சட்ட உதவிக் குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987 சட்டத்திலேயே இருக்கிறது. வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார்: "பரோல் நிபந்தனையில் கையெழுத்துப் போட்டது உங்க தம்பிங்க. நீங்களோ உங்க மகளோ போடலையே."

அவனைக் கைது செய்ய வந்தால் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். சோதனை வேறு. வாரண்ட் இல்லாமல் வந்தால், எந்தப் பொருளைத் தேடுகிறோம், ஏன் அவசரம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 185). அந்தக் குறிப்பு 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் மனுப் போட்டால் நகல் இலவசம். சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். அக்கம்பக்கத்துச் சாட்சிகள் இரண்டு பேராவது வேண்டும். வீட்டில் இருப்பவர் கூடவே நின்று பார்க்கலாம், எடுத்த பொருளுக்கு மகஸர், அதாவது பொருள் பட்டியல், நகல் கேட்டு வாங்கலாம்.

ராத்திரி வீடு புகுந்து கண்காணிக்கும் போலீஸ் விதியை உச்ச நீதிமன்றம் 1962இல் கரக் சிங் வழக்கிலேயே ரத்து செய்துவிட்டதாம். ரவுடிப் பட்டியலில் உள்ளவர் வீடாக இருந்தாலும், கண்காணிப்பு என்ற பெயரில் நடுராத்திரியில் கதவைத் தட்ட போலீசுக்கு உரிமை இல்லை என்று கேரள ஐகோர்ட் 2025 ஜூனில் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, எங்கள் கதவை மட்டும் எப்படித் தட்டலாம்?

பெண்ணின் உடம்பைச் சோதிக்கப் பெண்தான் வேண்டும் என்று சட்டம் கறாராகச் சொல்கிறது. அவள் துணி பீரோவுக்கும் அந்த மரியாதை உண்டு என்பது என் கட்சி.

ஜனவரி 19, திங்கள்

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் மனு கொடுத்தோம். போலீஸ் புகார் ஆணையத்துக்கு ஒரு மனு, தமிழிலேயே எழுதினேன். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. அரைகுறை மலையாளத்தில் எழுதி, சொல்ல வந்ததைத் தொலைக்க எனக்கு மனமில்லை.

சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து போனைக் கொடுத்தார். வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டார். எடுத்த தேதியையும் நேரத்தையும் எழுதித்தான் போட்டேன்.

ஜனவரி 24, சனி

தம்பி திரும்பிப் போனான். "என்னாலதானே அக்கா இதெல்லாம்?" என்றான். இல்லை என்று திட்டமாகச் சொன்னேன். அடுத்த பரோலுக்கும் அவன் இந்த வீட்டுக்குத்தான் வருவான். எந்த நேரமானாலும் சாட்சிக்கு வருவதாகப் பக்கத்து வீட்டுச் சேட்டனும் எதிர்வீட்டு அக்காவும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மகள் 15100 என்ற சட்ட உதவி எண்ணைத் தன் போனில் பதிந்துவைத்திருக்கிறாள். நகல் மனு 30ஆம் தேதிக்கு வருகிறது.