கேத்தலில் படிந்த வெள்ளை

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒருநாள் விடியப்புறம் கடல்மீன் தொட்டியின் மோட்டார் நின்றுவிட்டது. இரவு முழுவதும் முனகிக்கொண்டிருக்கும் ஒன்று திடீரென்று ஊமையானால் தூக்கம் தானாகக் கலைந்துவிடும். கழற்றிப் பார்த்தேன். உள்ளே சுழலும் காந்தத் தண்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. குசினிக்குக் கொண்டுபோய் வினாகிரிக்குள் போட்டதும் சீறி நுரைத்தது. தேநீருக்குத் தண்ணீர் வைக்க வந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இது கேத்தலுக்குள் படிவதுதானே? இதற்கா விடியுமுன் எழுந்து நிற்கிறாய்?"

மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த விடை அதுதான்.

என் தொட்டி இரண்டரை அடி நீளம். கற்கள் போக ஏறத்தாழ 90 லீற்றர் தண்ணீர் கொள்ளும். கற்களும் கடையில் வாங்கியவை அல்ல. பக்கத்து வளவில் பழைய மதிலை இடித்தபோது கிடைத்த முருகைக்கற்கள், அதாவது பவளக் கற்கள். வெள்ளையடித்த பக்கத்தை உளியால் கொத்தி எடுத்துவிட்டு இரண்டு மாதம் ஊறவைத்தேன். காளான் பவளமும் தோல் பவளமும் கொழும்பில் ஒருவர் தன் தொட்டியில் வளர்த்து வெட்டிக் கொடுத்த துண்டுகள். கடலில் பவளம் உடைப்பது இலங்கையில் சட்டவிரோதம். அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் மனம் வராது. இரண்டு கோமாளி மீன்கள், சில நத்தைகள். புதுத் தொட்டியில் அமோனியா ஏறி இறங்கி, பாசிக்கு உரமாகும் நைத்திரேற்றாக மாறும் முதல் ஐந்து வாரங்களை எல்லோரையும் போலப் பொறுமையின்றிக் கடந்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

தொடக்கத்தில் காரத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் காபனேற்றுகளின் அளவு, அதற்குரிய டி.கே.எச். என்ற அலகில் 8 இருந்தது. இந்தப் பரிசோதனை பள்ளிக்கூடத்து நியமிப்பேதான். 5 மில்லிலீற்றர் தொட்டித் தண்ணீரில் மருந்தைத் துளித்துளியாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மஞ்சளாகும்வரை எத்தனை துளியோ அத்தனை டி.கே.எச். உயர்தரத்தில் இரசாயனம் படித்தபோது கைநடுங்கி ஒரு துளி கூடிவிட்டால் ஆசிரியரின் முகம் போகும் போக்கை நினைத்துக்கொண்டு இப்போதும் எண்ணுவேன். எட்டாக இருந்தது சித்திரையில் பதின்மூன்றாகிவிட்டது. நைத்திரேற்றும் கூடிக்கொண்டே போனது. கண்ணாடியில் பாசி. காளான் பவளம் சுருங்கிக் காய்ந்த மிளகாய் போல ஆகிவிட்டது. மீனுக்குத் தீனியைக் குறைத்தேன், விளக்கு நேரத்தைக் குறைத்தேன், மணலைக் கிளறினேன். தொட்டிக்குள்ளேயே குற்றவாளியைத் தேடினேன். அவன் வாளிக்குள் இருந்தான்.

நடந்தது இதுதான். வெயிலில் தொட்டி 31 பாகையைத் தொட்டதால் மேலே ஒரு சிறு விசிறி பூட்டினேன். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். இரண்டு பாகைக்கு மேல் இறங்கியது, மகிழ்ச்சி. ஆனால் முன்பு நாளுக்கு ஒரு லீற்றர் குறைந்த தண்ணீர் இப்போது இரண்டு லீற்றர் குறைந்தது. ஆவியாவது வெறும் தண்ணீர். உப்பு தொட்டிக்குள்ளேயே நின்றுவிடும். ஆகவே குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தானுக்கு நல்ல தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர். தினமும் காலையில் இரண்டு லீற்றர் ஊற்றினேன்.

அம்மா கேத்தலைக் காட்டிய பிறகு கிணற்றுத் தண்ணீரை அளந்தேன். 15 டி.கே.எச்., நைத்திரேற்று லீற்றருக்கு 40 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு லீற்றரில் வரும் 30ஐ 90 லீற்றருக்குப் பங்கிட்டால் நாளுக்கு 0.33. மூன்று வாரத்தில் ஏழு. தொட்டியில் ஐந்துதான் கூடியிருந்தது. மிச்சம் எங்கே? பெரும்பகுதி சூடான மோட்டாருக்குள் கல்லாகியிருந்தது.

நம் குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். கடலடியில் படிந்து இறுகிய கல். ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் அந்தக் கல்லுக்குள் தேங்கிய மழைநீரைத்தான். அது கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தோட்டத்து உரமும் வீட்டு மலக்குழியும் அதே கல்லின் வெடிப்புகள் வழியாகத்தான் இறங்குகின்றன. பழைய கடலின் சுண்ணாம்பை வாளி வாளியாகக் கொண்டுவந்து பவளத்துக்கு ஊற்றியிருக்கிறேன். அதுவோ முகத்தைச் சுருக்கிக்கொண்டது.

இறக்குவதில் அவசரப்படவில்லை. வாரம் 15 லீற்றர் எடுத்துவிட்டுக் கடல்தண்ணீர் மாற்றினேன். பருத்தித்துறைப் பக்கம், ஆள்நடமாட்டம் இல்லாத இடத்தில் இடுப்பளவு ஆழத்துக்குப் போய் இரண்டு கான்களில் அள்ளி, துணியில் வடித்து, மூடி இருட்டில் ஒரு வாரம் வைத்துவிடுவேன். கடல்தண்ணீர் என் அளவில் 7 டி.கே.எச். இருந்தது. பதின்மூன்று ஒன்பதாக இறங்க ஆறு வாரம் பிடித்தது. ஆறாவது வாரம் காளான் பவளம் தட்டுப்போல விரிந்தது.

"ஆனையிறவு உப்பைக் கரைத்தால் போதாதா, ஏன் பெற்றோலைச் செலவழிக்கிறீர்கள்?" என்று கேட்ட அண்ணை ஒருவருக்கு நான் சொன்ன பதில் இங்கும் பொருந்தும். உப்பளத்தில் கடல்தண்ணீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம், அதன் பிறகுதான் கறியுப்பு. மக்னீசியம் கடைசிவரை கசப்புத் தண்ணீரிலேயே நின்று, அதனோடு வெளியே போய்விடும். கறிக்கு அது நல்லது. பவளத்துக்கு லீற்றருக்குக் கல்சியம் 400 மில்லிகிராமுக்கு மேலும் மக்னீசியம் 1250 மில்லிகிராமுக்கு மேலும் வேண்டும். கறியுப்பில் இரண்டும் கிடைக்காது.

ஆனால் கறியுப்புக்கு வேறு ஒரு பயன் இருக்கிறது. தண்ணீரில் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு உப்பு என்று காட்டும் உவர்ப்புமானியை வெறும் தண்ணீரில் சுழியமாக்கினால் மட்டும் போதாது. மேல் அளவில் பிழை விடும். 36.5 கிராம் உப்பை 963.5 கிராம் தண்ணீரில் கரைத்து ஒரு துளி வைத்தால் மானி கடல்தண்ணீரின் அளவான 35ஐக் காட்ட வேண்டும். நகைத் தராசு இரவல் வாங்கி நிறுத்தேன். என் மானி 33 காட்டியது. அதுவரை 35 என்று நம்பி நான் வைத்திருந்தது 37.

நிரப்பும் தண்ணீருக்கு முதலில் ஆர்.ஓ. முறையில் உப்பு நீக்கி வடித்த குடிதண்ணீர் விற்கும் இடத்துக்குப் போனேன். கரைந்த திண்மத்தை அளக்கும் பேனா போன்ற கருவியைக் கானுக்குள் விட்டதைப் பார்த்த பையன், "குடிக்கத்தானே அண்ணை?" என்றான். மீனுக்கு என்றேன். அதன்பிறகு என்னைக் கண்டால் சிரிப்பான். முதல் கானில் லீற்றருக்கு 45 மில்லிகிராம் இருந்தது, அடுத்த மாதம் 110. குடிக்க இரண்டும் நல்லவை. எனக்கு நிலையான ஒன்று வேண்டும்.

ஐப்பசியில் மழை வந்தது. எங்கள் வீடு ஓட்டு வீடு. தகரக் கூரையாக இருந்தால் இறங்கியிருக்க மாட்டேன், துத்தநாகம் கரைந்து வந்தால் நத்தைகளும் பவளமும் தாங்காது. முதல் இரண்டு மழையை ஓட்டைக் கழுவ விட்டேன். மூன்றாவது மழையிலிருந்து பிளாஸ்டிக் பீலி வழியாக இரண்டு 220 லீற்றர் பரல்களில் பிடித்தேன். அந்தப் பேனாக் கருவி 9 காட்டியது. நுளம்பு வலையை இரட்டையாக மடித்துக் கட்டி, மேலே மூடியும் போட்டேன். டெங்குக் காலம் அல்லவா, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வலையைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தார். புழு இல்லை. "இவ்வளவு சுத்தமாக எதற்கு?" என்று அவரும் கேட்டார்.

மாரியில் கடலை நம்பவில்லை. தை மாதம் சோதனைக்கு அள்ளிய தண்ணீர் உவர்ப்புமானியில் 31தான் காட்டியது, கலங்கலும் கூட. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த, கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் பெட்டி உப்பை மழைத்தண்ணீரில் கரைத்துச் சமாளித்தேன்.

மாசியில் எதிர்ப்பக்கச் சிக்கல். கல்லிலும் பின்கண்ணாடியிலும் செவ்வூதாச் சுண்ணப்பாசி அழகாகப் பரவியது. அது காரத்தன்மையையும் கல்சியத்தையும் சேர்த்தே தின்னும். நாளுக்கு 0.2 குறைந்தது. கிணறு கொடுத்ததைக் கிணறில்லாமல் கொடுக்க வேண்டும், நைத்திரேற்று இல்லாமல். வழி தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கையில் எடுத்து யோசித்தேன். அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடையில் கல்சியம் ஐதரொட்சைட்டு வாங்கினேன். இறுக மூடிய போத்தலில் லீற்றருக்கு இரண்டு கிராம் போட்டுக் குலுக்கி வைத்தால், கரையக்கூடியது கரைந்து மீதி அடியில் படியும். வீட்டுக்குச் சுண்ணாம்பு கரைத்து வெள்ளையடித்த காலத்து ஆள் அப்பம்மா. "அடி மண்டியைக் கலக்காதே, தெளிவை மட்டும் எடு," என்றார். அதைக் கேட்டேன். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கவில்லை. அன்றிரவு குறைந்திருந்த ஒன்றரை லீற்றரையும் தெளிவாலேயே நிரப்பிவிட்டுப் படுக்கப் போனேன்.

பத்து நிமிடத்தில் தொட்டி பால் கலந்ததுபோல வெளுத்தது. பி.எச். 8.2இலிருந்து 9க்குத் தாவியிருந்தது. யன்னலைத் திறந்து காற்றுக்கல்லை முழு வேகத்தில் விட்டேன். இனிப்பில்லாத சோடாப் போத்தல் ஒன்றைத் திறந்து பாதியை மோட்டாரின் முகத்துக்கு நேரே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அதிலுள்ள காபனீரொட்சைட்டு சுண்ணாம்பின் வேகத்தை அடக்கும். விடிய இரண்டு நத்தைகள் செத்துக் கிடந்தன. மீன்கள் பிழைத்தன.

பிறகுதான் கடதாசியை எடுத்தேன். நான் ஊற்றியது காரத்தன்மையை இரண்டு டி.கே.எச். அளவுக்கு ஏற்றும். எனக்குத் தேவை அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 மில்லிலீற்றர், ஒரு தேநீர்க் கோப்பை. இப்போது அந்தக் கோப்பைத் தெளிவை ஒன்றரை லீற்றர் மழைத்தண்ணீரில் கலந்து, சேலைன் குழாயின் திருகைச் சரிசெய்து இரவு முழுவதும் சொட்டவிடுகிறேன். பகலில் பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசி காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்வதால் பி.எச். தானாக ஏறும், இரவில் இறங்கும். சுண்ணாம்பு இரவில் போவதே பொருத்தம். நான்கு மாதமாகக் காரத்தன்மை 8.5 டி.கே.எச்.ஐச் சுற்றித்தான் நிற்கிறது.

இப்போதுள்ள சிக்கல் குசினியில். பரலில் உள்ள தண்ணீரில் கொதிக்கவைத்தால் கேத்தல் வெளுப்பதில்லை, தேநீருக்கும் நிறம் நன்றாக வருகிறது என்று அம்மா கண்டுபிடித்துவிட்டார். காலையும் மாலையும் ஒவ்வொரு செம்பு போகிறது. ஆவணிவரை வரும் என்று நான் போட்டிருந்த கணக்கு ஆனியிலேயே முடிந்துவிடும்போல இருக்கிறது. மூன்றாவது பரலுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.